சான்றிதழ் ஸ்கிரிப்ட்டிடமிருந்து ரூட் அதிகாரத்தைத் திரும்ப வாங்கினேன்

பொங்கலன்று அதிகாலை முற்றத்தில் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே சேர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டேன். இரவு 2.17க்கு மூன்று இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழும் (உலாவியில் பூட்டுக் குறி காட்ட வைப்பது) தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. தளங்களை வழங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருள் அதை வாசித்துக்கொண்டது. சான்றிதழ் வாங்கும் ஸ்கிரிப்ட், சேர்வரில் எதையும் செய்யவல்ல ரூட் பயனரின் அதிகாரத்தை எங்கும் பயன்படுத்தவில்லை. டிஎன்எஸ்ஸை, அதாவது டொமைன் பெயர்களின் பதிவேட்டை, மாற்றும் திறப்பு எதுவும் சேர்வரில் இருக்கவில்லை. நவம்பர் மழையில் தொடங்கிய வேலை 60 நாள் கழித்து என் கை படாமல் தானே நடந்தது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

வேலை சிறியது. மட்டக்களப்பில் ஒரு மீனவர் சங்கம், ஒரு தனியார் கல்வி நிலையம், ஓர் அரிசி ஆலை ஆகிய மூன்றின் இணையத்தளங்களும் மாதம் 6 டொலர் வாடகையில் ஒரே விபிஎஸ் (மெய்நிகர்) சேர்வரில் இருக்கின்றன. கல்லடியில் என் வீட்டிலிருந்து நான்தான் அவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். 2021இல் அக்மி.எஸ்எச் என்ற ஷெல் ஸ்கிரிப்ட்டை ரூட் பயனராக நிறுவி, இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட்டிடமிருந்து அதை வாங்கும்படி அமைத்தேன். அதன் பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை வேறு ஏதோ பார்க்கப் போய், சங்கத்தின் தளத்தில் பூட்டுக் குறியை அழுத்தினேன். சான்றிதழ் முடிய 11 நாள்தான் இருந்தது. 90 நாள் சான்றிதழை அந்தப் பழைய பதிப்பு 60ஆம் நாள் புதுப்பிக்க வேண்டும். அப்படியானால் எப்போதும் குறைந்தது 30 நாளாவது மீதி இருக்கும். 11 நாள் என்றால் 19 நாளாக ஒவ்வொரு இரவும் முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அட்டவணையில் அந்த வரியின் வெளியீடு முழுவதும் குப்பைக்குப் போகும்படி இருந்தது. முன்பெல்லாம் லெட்ஸ் என்க்ரிப்ட் மின்னஞ்சல் அனுப்பி எச்சரிக்கும். 2025 ஜூன் மாதத்துடன் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதற்கு மாற்றாக நான் எதுவும் செய்திருக்கவில்லை.

முதல் இரவு சான்றிதழ் அமைப்பில் எதையும் மாற்றவில்லை. என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். தோல்விக்குக் காரணம் எளிது. டிஎன்எஸ் சேவையில் பழைய டோக்கனை (ஸ்கிரிப்ட் அங்கே நுழையப் பயன்படுத்தும் இரகசியச் சொல்) நானே நீக்கிவிட்டுப் புதியதை இன்னோர் இடத்தில் மட்டும் போட்டிருந்தேன். புதிய டோக்கனை ஒட்டினால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும், ஒட்டவும் போனேன். அதற்காகக் கணக்குக் கோப்பைத் திறந்தபோதுதான் கை நின்றது. பழைய டோக்கன் வெறும் எழுத்தாகவே அங்கே கிடந்தது. புதியதும் அப்படித்தான் கிடக்கும். அதை வைத்து மூன்று டொமைன்களின் எந்தப் பதிவையும் மாற்றலாம். மின்னஞ்சலைக்கூட வேறு சேர்வருக்குத் திருப்பலாம். சான்றிதழ் வாங்க அதில் தேவைப்பட்டதோ ஒரே ஒரு டெக்ஸ்ட் பதிவு.

பிறகு ஸ்கிரிப்ட்டின் பதிப்பைப் பார்த்தேன். 3.0.6க்கு முந்தியது.

அந்த எண் எனக்கு ஏன் உறுத்தியது என்று சொல்ல வேண்டும். 2023 ஜூனில் ஹைசிஏ என்ற சீனச் சான்றிதழ் விற்பனைச் சேவை, தன் வாடிக்கையாளர்களை அக்மி.எஸ்எச் மட்டும் பயன்படுத்தச் சொல்லியிருந்தது. கேடி வலைச் சேர்வரை எழுதிய மாட் ஹோல்ட் ஏன் அப்படி என்று தோண்டிப் பார்த்தபோது காரணம் வெளிவந்தது. டொமைன் உன்னுடையதுதானா என்று சோதிக்கச் சான்றிதழ் வழங்குநர் அனுப்பும் சவால் விவரத்துக்குள் ஹைசிஏ ஷெல் கட்டளைகளைச் செருகியிருந்தது. ஸ்கிரிப்ட் அந்த விவரத்தை வெறும் எழுத்தாக வாசிக்காமல் ஷெல்லிடம் கட்டளையாகவே கொடுத்துவிட்டது. மறுமுனையில் இருக்கும் சேர்வர் நினைத்ததை எல்லாம் நம் கணினியில் ஓட்டலாம். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-38198 என்று அதற்கு எண் கொடுத்தார்கள், 3.0.6இல் அடைத்தார்கள். நான் ஹைசிஏ பக்கமே போனதில்லை, அதனால் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அடைத்த பிறகும் இரண்டு ஆண்டுக்கு மேலாக அந்த ஓட்டை என் சேர்வரில் ரூட் அதிகாரத்துடன் ஒவ்வோர் இரவும் ஓடியிருக்கிறது.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் சித்தி மகன் அன்று வீட்டில் இருந்தான். திரையைப் பார்த்துவிட்டு, “அண்ணா, வட்டைவிதானைக்கு மடையைத்தானே ஒப்படைக்கிறோம், போடியார் வீட்டுத் திறப்பையுமா கொடுப்பார்கள்?” என்று கேட்டான். வட்டைவிதானை வயல்களுக்கு நீர் பகிர்ந்து விடுபவர், போடியார் நிலக்காரர். வயல்காரக் குடும்பத்துப் பிள்ளைக்கு உடனே வந்த கேள்வி. அதன் பிறகு வந்த இரவுகளில் நான் செய்தது அந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலைதான்.

அந்த இரவில் இன்னொன்றையும் பார்த்தேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. இரவு ஒரு மணிக்கு ஓடும் காப்பு நகல் ஸ்கிரிப்ட், ரூட்டின் வீட்டுக் கோப்புறையையும் சேர்த்துக் கட்டி, 644 அனுமதியுடன் வைத்திருந்தது. அதாவது சேர்வரில் இருக்கும் எந்தப் பயனரும் வாசிக்கலாம். கல்வி நிலையத்தின் தளம் பழைய பிஎச்பி மொழி நிரலில் ஓடுகிறது. அந்தத் தளத்தின் பயனராக மாறி ஒரே கட்டளையில் நகலைப் பிரித்தேன். திரையில் மூன்று தளங்களின் இரகசியத் திறப்பும் வந்து நின்றது. மேலே ‘இரகசியத் திறப்பு தொடங்குகிறது’ என்ற வரி, கீழே ‘முடிகிறது’ என்ற வரி, நடுவே எழுத்துக் குவியல். பரீட்சைப் பெறுபேறு காட்டும் பக்கத்தில் ஒரு சிறு ஓட்டை இருந்திருந்தால் போதும், மீனவர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் போய்வரும் பாதையின் திறப்பு வெளியே போயிருக்கும். நகல் கோப்புகள் 14 இருந்தன. அனைத்தையும் அப்போதே 600, அதாவது உரிமையாளர் மட்டும் வாசிக்கும்படி, ஆக்கினேன்.

இரண்டாம் இரவு வியாழக்கிழமை. இடையில் ஒரு நாள் மின்சாரம் வந்தும் போயும் இருந்ததால் கை வைக்கவில்லை. முதலில் தீர்க்க வேண்டியது, டொமைன் என்னுடையது என்று வழங்குநருக்குக் காட்டுவது டிஎன்எஸ்ஸில் பதிவு எழுதும் வழியிலா, தளத்தில் கோப்பு வைக்கும் எச்டிடிபி வழியிலா என்பது. 2021இல், டொமைனின் எல்லாத் துணைப் பெயர்களையும் அடக்கும் நட்சத்திரக் குறிச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அதற்கு டிஎன்எஸ் வழி கட்டாயம். உண்மையில் எத்தனை துணைப் பெயர்கள் பயன்பாட்டில் இருக்கின்றன என்று எண்ணினேன். ஏழு. அவற்றில் மூன்று இறந்தவை. மீதி நான்கையும் பெயர் சொல்லியே சான்றிதழில் சேர்க்கலாம். அப்படிச் செய்தால் எச்டிடிபி வழி போதும். டிஎன்எஸ் டோக்கன் சேர்வரிலேயே இருக்கத் தேவையில்லை. இந்த முழு வேலையிலும் அதிகப் பயன் தந்த முடிவு இதுதான். செலவு ஒன்றுமில்லை.

இறந்த மூன்றில் ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. பழைய வாடகைச் சேர்வர் ஒன்றின் ஐபி முகவரியை அது இன்னும் காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சேர்வரை நான் விட்டு இரண்டு ஆண்டாகிறது. அந்த முகவரி இப்போது யாருக்குக் கிடைத்திருக்கிறதோ, அவர் எச்டிடிபி கோரிக்கைகள் வரும் 80ஆம் வாசலில் சவாலுக்குப் பதில் வைத்தால் என் டொமைனின் துணைப் பெயருக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ் வாங்கிவிடலாம். வழங்கப்படும் சான்றிதழ்களைப் பகிரங்கமாகப் பட்டியலிடும் சான்றிதழ் வெளிப்படைத்தன்மைப் பதிவுகளில் என் டொமைனுக்கு இதுவரை வழங்கப்பட்டவை அனைத்தையும் எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். முதலில் எண்ணிக்கை இரட்டிப்பாக வந்ததால் பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது: முன்சான்றிதழும் (வழங்குமுன் பதிவுக்கு அனுப்பும் வடிவம்) இறுதிச் சான்றிதழும் தனித்தனி வரியாகப் பட்டியலில் வருகின்றன. வரிசை எண்ணை வைத்துச் சோடி சேர்த்தால் கணக்குச் சரி. அந்நியமாக எதுவும் இல்லை. மூன்று பதிவுகளையும் அழித்தேன்.

சான்றிதழ் வேலைக்கு மட்டும் ஒரு பயனர் கணக்கு உருவாக்கினேன். கடவுச்சொல் இல்லை, ரூட்டாகக் கட்டளையிட விடும் சுடோ இல்லை. அக்மி.எஸ்எச்சின் புதிய பதிப்பை அந்தக் கணக்கின் கீழ் நிறுவினேன். ரூட் தேவையில்லை என்று அந்தக் கருவியின் அறிமுகக் குறிப்பிலேயே இருக்கிறது, 2021இலும் இருந்தது. முதல் ஓட்டத்தில் அது மின்னஞ்சல் முகவரி கேட்டு நின்றது. 2021 ஆகஸ்ட் முதல் அதன் இயல்பு வழங்குநர் சீரோஎஸ்எஸ்எல் என்பதை மறந்திருந்தேன். லெட்ஸ் என்க்ரிப்ட் என்று வெளிப்படையாகக் குறித்தபின் நகர்ந்தது. அடுத்து 403, அதாவது அனுமதி மறுப்பு. கல்வி நிலையத்தின் தளத்தில், புள்ளியில் தொடங்கும் கோப்புறைகளை எல்லாம் மறுக்கும் விதி ஒன்றை நானே எப்போதோ எழுதியிருக்கிறேன். சவால் கோப்பு வைக்கும் கோப்புறையும் புள்ளியில்தான் தொடங்குகிறது. மூன்று தளங்களுக்கும் பொதுவாக ஒரே சவால் கோப்புறையை ஒதுக்கி, அந்த விதிக்கு மேலே அதை அமைத்தேன். அங்கே எழுத அந்தப் பயனருக்கு மட்டும் அனுமதி. பிஎச்பி அங்கே ஓடாது.

சிக்கல் என்ஜின்எக்ஸை மீள்வாசிக்க வைப்பதில் வந்தது. அதற்கு ரூட் வேண்டும். சேவைகளை ஓட்டவும் நிறுத்தவும் பயன்படும் சிஸ்டம்சிடிஎல் கட்டளைக்கு, அதன் பின் எது வந்தாலும் சரி என்னும் நட்சத்திரக் குறியுடன் ஒரு சுடோ விதி எழுதினேன். தம்பி உடனே தடுத்தான். அந்த நட்சத்திரக் குறி இருந்தால், இந்தப் பயனர் தானே எழுதிய சேவைக் கோப்பை இணைத்து ரூட்டாக ஓட வைத்துவிடலாம். கதவைச் சாத்திவிட்டு யன்னலைத் திறந்து வைப்பதற்கு ஒப்பானது. அழித்தேன்.

அதற்குப் பதிலாக, கோப்பு மாறுவதைக் கவனிக்கும் பாதை அலகு ஒன்றை, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ரூட்டின் பக்கம் வைத்தேன். சான்றிதழ்ப் பயனர் யாருக்கும் கட்டளையிடத் தேவையில்லை. கோப்பு மாறினால் ரூட்டின் சேவை தானாக எழுந்து, அமைப்பைச் சோதித்து, சரியென்றால் மீள்வாசிக்கும். இது நல்ல வழிதான், ஆனால் நான் கவனிக்கச் சொன்னது இரகசியத் திறப்புக் கோப்பை. ஸ்கிரிப்ட் முதலில் திறப்பை எழுதிவிட்டு அதன் பிறகுதான் சான்றிதழை எழுதுகிறது. அந்த இடைவெளியில் ரூட்டின் சேவை எழுந்து, புதுத் திறப்பும் பழைய சான்றிதழும் பொருந்தவில்லை என்று மறுத்துவிட்டது.

எனக்கு அது புரியவில்லை. நிறுவலில் கோளாறு என்று நினைத்து, அந்தப் பயனரின் கோப்புறை முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் திறப்பு முதலில் வந்துவிடும், சான்றிதழ் இன்னும் வந்திருக்காது, அதனால் ஒவ்வொரு தடவையும் மறுப்பு. ஐந்து தடவை அப்படிச் செய்தேன். ஆறாவது தடவை லெட்ஸ் என்க்ரிப்ட் மறுத்தது. ஒரே பெயர்த் தொகுதிக்கு ஏழு நாளில் ஐந்து சான்றிதழ்தான். தீர்ந்தால் ஏறத்தாழ 34 மணித்தியாலத்துக்கு ஒன்று என்றுதான் திரும்பக் கிடைக்கும். வாங்கிய ஐந்தையும் நானே அழித்திருந்தேன். கையில் இருந்தது ஒன்பது நாள் மீதியுள்ள பழைய சான்றிதழ் மட்டும்.

அதைவிட ஆபத்தானது ஒன்று இருந்தது. என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பு அப்போது நான் அழித்த கோப்புறையைக் காட்டிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே நினைவகத்தில் இருந்த பழைய சான்றிதழை வைத்துத்தான் தளங்கள் ஓடின. அந்த நேரத்தில் சேர்வர் மறுதொடக்கமாகியிருந்தால் மூன்று தளங்களும் எழுந்திருக்க மாட்டா. இரவு பன்னிரண்டரைக்கு அதை உணர்ந்து, பாதையைப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டுத்தான் படுத்தேன்.

கட்டாய ஓய்வு கிடைத்ததில் நல்லதும் நடந்தது. மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் சிறு சேர்வர் ஒன்றை மூன்று நாளுக்கு எடுத்தேன். செலவு ஒரு டொலருக்கும் குறைவு. அங்கே லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சோதனைச் சூழலை வைத்து எல்லாப் படியையும் திரும்ப ஓட்டினேன். அதன் வரம்புகள் மிகத் தாராளமானவை. முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும். மறுப்பின் காரணம் அரை மணியில் பிடிபட்டது. எல்லாக் கோப்பையும் எழுதிய பிறகு கடைசியாக ஒரு வெற்றுக் கோப்பைத் தொடும்படி ஸ்கிரிப்ட்டுக்குச் சொன்னேன். பாதை அலகு இப்போது அந்த வெற்றுக் கோப்பை மட்டுமே கவனிக்கிறது.

மூன்றாம் இரவு சனிக்கிழமை. உண்மைச் சேர்வருக்குப் போகுமுன் சிஏஏ பதிவை எழுதினேன். இந்த டொமைனுக்கு யார் சான்றிதழ் வழங்கலாம் என்று டிஎன்எஸ்ஸில் அறிவிக்கும் பதிவு அது. வழங்குநரின் பெயருடன் நிறுத்தாமல், எந்தச் சோதனை முறை, எந்தக் கணக்கு என்பதையும் அதில் குறிக்க முடியும். ஆர்எப்சி 8657 என்ற இணையத் தர ஆவணம் அதை வரையறுத்திருக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்ட், எச்டிடிபி முறை, என் கணக்கு ஆகிய மூன்றையும் ஒரே வரியில் போட்டேன். பழைய ஐபி முகவரியைப் போல் இன்னொன்றை நான் மறந்துவிட்டாலும், வேறொருவரின் கணக்குக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் இனி என் பெயரில் சான்றிதழ் தராது.

அந்த மறுப்பு முதலில் எனக்குத்தான் வந்தது. நான் ஒட்டியது சோதனைச் சூழலின் கணக்கு எண். உண்மைச் சூழலில் கணக்கு வேறு, முகவரியும் வேறு. சோதனையில் அழகாக ஓடியது இங்கே சிஏஏ தடுக்கிறது என்று நின்றது. நல்ல வேளையாகப் பதிவின் ஆயுளை 300 விநாடி என்று வைத்திருந்தேன். திருத்திவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து ஓட்டினேன். ஞாயிறு 16ஆம் திகதி பிறந்து சற்று நேரத்தில் சான்றிதழ் வந்தது. வெற்றுக் கோப்பு தொடப்பட்டது, என்ஜின்எக்ஸ் மீள்வாசித்தது. கைப்பேசியில் பூட்டுக் குறியை அழுத்தினேன்: 89 நாள்.

அதன் பிறகு செய்த சோதனைக்காகத்தான் இவ்வளவும். சான்றிதழ்ப் பயனராகவே மாறி, ஒரு கெட்ட ஸ்கிரிப்ட் என்னென்ன செய்ய நினைக்குமோ அவற்றைச் செய்து பார்த்தேன். ரூட்டின் கோப்புறையை வாசிக்க முயன்றேன், மறுப்பு. தளத்தின் பக்கம் ஒன்றை மாற்ற முயன்றேன், மறுப்பு. என்ஜின்எக்ஸை நிறுத்த முயன்றேன், மறுப்பு. கல்வி நிலையத்தின் தரவுத்தளக் கடவுச்சொல் கோப்பை வாசிக்க முயன்றேன், திறந்துவிட்டது. அதுவும் 644. அதை 640 ஆக்கி, குழுவை மாற்றி, மறுபடி முயன்றேன். மறுப்பு. சிஸ்டம்டி சேவைக்குள் முழுக் கோப்பு முறைமையையும் வாசிப்பு மட்டும் என்று பூட்டி, இரண்டு கோப்புறைகளுக்கு மட்டும் எழுத விட்டேன். நாளைக்கு 2023இல் வந்ததைப் போன்ற ஓட்டை இன்னொன்று வந்தால், அது போகக்கூடிய தூரம் அந்த இரண்டு கோப்புறைகளும் அவற்றில் இருக்கும் சான்றிதழும்தான். அதுவும் சிறு இழப்பல்ல. ஆனால் சேர்வர் முழுவதும் போவதும் அதுவும் ஒன்றல்ல.

பழைய திறப்பை நம்ப முடியாது. பழைய சான்றிதழை, திறப்பு வெளிப்பட்டது என்ற காரணம் குறித்து, அந்தத் திறப்பாலேயே ஒப்பமிட்டு இரத்துச் செய்தேன். காப்பு நகல்கள் 14ஐயும் அழித்தேன். டிஎன்எஸ் டோக்கனைச் சேவையின் பக்கத்திலேயே நீக்கினேன். ரூட்டின் கிரான் வரியையும், பழைய அக்மி.எஸ்எச் கோப்புறையையும் எடுத்தேன்.

எச்சரிக்கைக்கு, வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றைப் பயன்படுத்தினேன். தினமும் காலை ஆறுக்கு அது வெளியிலிருந்து மூன்று தளங்களுக்கும் போய், எத்தனை நாள் மீதி என்று பார்க்கும். 25க்குக் குறைந்தால் டெலிகிராமில் எனக்கும் தம்பிக்கும் செய்தி வரும். சேர்வருக்கு உள்ளேயே இந்தச் சோதனையை வைக்கவில்லை. சேர்வர் சொல்வதைச் சேர்வரிடமே கேட்டுச் சரிபார்ப்பதில் பயனில்லை. கோப்பு புதிதாக இருந்தும் என்ஜின்எக்ஸ் பழையதைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

மொத்தச் செலவு: சோதனைச் சேர்வருக்கு ஏறத்தாழ 300 ரூபாய், தொலைபேசித் தரவு ஒரு மீள்நிரப்பல், என் நேரம் 14 மணித்தியாலம். அதில் ஐந்து மணித்தியாலம் அழித்து அழித்துத் தொடங்கியதில் போனது.

இன்னொரு தடவை செய்தால் வரிசையை மாற்றுவேன். சோதனைச் சூழல் முதலில். எதை அழிக்குமுன்னும் என்ஜின்எக்ஸின் சோதனைக் கட்டளையைக் கையால் ஒருமுறை ஓட்டுவேன். அந்த ஒரு வரி அன்றைக்கு நான்கு சான்றிதழை மிச்சப்படுத்தியிருக்கும். சிஏஏ பதிவை உண்மைக் கணக்கு உருவான பிறகே எழுதுவேன். தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அக்மி.எஸ்எச்சில் இப்போதும் முடுக்கவில்லை. அது முதன்மைக் கிளையில் அந்த நேரத்தில் இருப்பதை அப்படியே இழுக்கும். மாதம் ஒருமுறை வெளியீட்டுக் குறிப்பை வாசித்துவிட்டு நானே மேம்படுத்துகிறேன். இதற்கு நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வந்தால் ஒரு மாதம் வரை பிந்தலாம் என்பதால் இந்த ஏற்பாட்டில் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

இவ்வளவும் கையால் செய்யாமல் ஆண்டுக்கு ஒரு சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கினால் போதாதா என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டார். அவருக்குத் திகதிகளைக் காட்டினேன். உலாவிகளும் வழங்குநர்களும் சேர்ந்து ஒப்புக்கொண்டபடி, 2026 மார்ச் 15 முதல் வழங்கும் எந்த இணையத்தளச் சான்றிதழின் ஆயுளும் 200 நாளுக்கு மேல் இருக்காது. 2027 மார்ச் 15 முதல் 100 நாள். 2029 மார்ச் 15 முதல் 47 நாள். காசு கொடுத்தாலும் தானியங்கி ஸ்கிரிப்ட் ஒன்று சேர்வரில் இருக்கத்தான் போகிறது. “அப்படியென்றால் அது எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று எனக்கும் எழுதித் தாருங்கள், தம்பி” என்றார். ஒரு பக்கத்தில் எழுதி, சங்கத்தின் அலுமாரிக்குள் பதிவேட்டுடன் வைத்திருக்கிறோம்.

அடுத்தது ஏறாவூரில் ஒரு நண்பரின் கடைத் தளம். அங்கேயும் 2021இல் ரூட்டாக நிறுவியது நான்தான். வெள்ளிக்கிழமை போகிறேன்.